நூற்று எழுபத்தொன்பது நாள்

ஜூன் பதினைந்து முதல் வெயில் சட்டம். பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வெளியில் யாரும் வேலை செய்யக் கூடாது. அந்த இரண்டரை மணி நேரமும் வளைகுடாவின் ஜெபல் அலித் துறைமுகத்தில் லாரிகள் வரிசையாக நிற்கும். கன்டெய்னர்களின் இரும்பு சூட்டில் விரிந்து டிக் டிக்கென்று சத்தமிடும்.

கிடங்கின் ஆறாம் கதவுக்கு உள்ளே, சரக்கு வைக்கிற மரப் பேலட்கள் அடுக்கிய நிழலில் கார்மேகம் தூக்குவாளியைத் திறந்தார். காலை நாலரைக்குக் கட்டிய சோறு இன்னும் சூடாக இருந்தது. யாரும் சூடு பண்ணவில்லை.

அவருக்கு நாற்பத்தாறு வயது. இளையான்குடிப் பக்கம் ஊர். பதினாறு வருடமாக இங்கே சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலகுருவுக்கு முப்பத்து நாலு. கன்டெய்னரிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணிக் குறிக்கிற டேலி கிளார்க். சட்டம் படித்து, பார் கவுன்சிலில் பதிந்து, சிவகங்கைக் கோர்ட்டில் நாலு வருடம் கறுப்புக் கோட்டுப் போட்டவன். தொழிலாளர் கேம்ப் அறையில் எல்லோருக்கும் அவன் வக்கீலு.

அவன் கையில் கார்மேகத்தின் போன். மகள் அகிலா அனுப்பிய கல்லூரி விவரப் புத்தகம் அதில் திறந்திருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தனியார் சட்டக் கல்லூரி.

"படிச்சுட்டியா?"

"ரெண்டு தடவ படிச்சேண்ணே."

"எப்புடி?"

"நல்ல காலேஜுதான். நீச்சல் குளமெல்லாம் இருக்கு."

"வக்கீலுக்கு எதுக்குடா நீச்சலு?"

"கேசு இல்லாம கெடக்கயில பொழுது போகணும்ல."

கார்மேகம் சிரிக்கவில்லை. "வேல கெடைக்குமா, அதச் சொல்லு."

பாலகுரு விரலால் பக்கத்தைப் பெரிதாக்கினான். "இங்க பாருங்க. படிச்சு முடிச்ச புள்ளைகளுக்குச் சராசரியா வருசம் ஏழு லட்சம்னு போட்டுருக்கான். கீழ பொடி எழுத்துல பாருங்க. வேல கெடைச்சதா காலேஜுக்குச் சொன்னவுகள வச்சு மட்டும் எடுத்த சராசரியாம். எம்பது பேரு படிச்சதுல பதினோரு பேரு சொல்லியிருக்காக. மிச்ச அறுபத்தொம்போது பேரு சொல்லல."

"ஏன் சொல்லல?"

"நாங்கூடத்தான் எங்க காலேஜுக்குச் சொல்லல. என்னன்னு சொல்ல? ஜெபல் அலியில சோப்புப் பெட்டி எண்ணுறேன்னா?"

கார்மேகம் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"அண்ணே, நா சலிப்புல பேசல. நெசத்தச் சொல்றேன். மொத வருசம் சீனியரு பஸ்ஸுக்குக் காசு குடுப்பாரு. ரெண்டாவது வருசம் பஸ்ஸுக்கும் டீக்கும் குடுப்பாரு. நாலு வருசம் அவரு கேசுக் கட்டச் சொமந்தேன். நானா நின்னு வாதாடுனது மூணே மூணு. ஒண்ணு சேவச்சண்ட ஜாமீனு. அதுலயும் சேவல விட்டுட்டாக, ஆளத்தான் விடல."

இப்போது கார்மேகம் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அகிலா பத்தாவது படிக்கயில, எங்க பங்கு கேசுக்கு அவுக ஆத்தாளோட கோர்ட்டுக்குப் போச்சு. பதினோரு வருசமா நடக்குற கேசு. அங்க ஒக்காந்து பிராதப் படிச்சுப் பாத்துட்டு, 'ஐயா, இதுல சர்வே நம்பரு தப்பா இருக்கு'ன்னுச்சு. வக்கீலு சிரிச்சாராம். அப்பறம் பத்திரத்த எடுத்துப் பாத்தா, நெசமாவே தப்பு. பதினோரு வருசமா அடுத்தவன் கொல்லைக்குக் கேசு நடத்தியிருக்கோம்."

"அடப்பாவி."

"அவரு சட்டப்பையில இருந்த பேனாவ எடுத்து அதுகிட்டக் குடுத்தாராம். அன்னைலேர்ந்து இதே பேச்சுத்தான். பரிச்ச எழுதி அரசாங்கக் காலேஜுல ரெண்டு மார்க்குல போச்சு. இதுலதான் பேரு வந்துருக்கு."

பாலகுரு போனைத் திரும்பப் பார்த்தான். அந்தக் கல்லூரியில் வளைகுடாத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று மூன்று இடம் இருந்தது. அகிலா அந்தப் பட்டியலில் இரண்டாவது. அந்த இடத்துக்கு வருடம் ஒன்றரை லட்சம். நிர்வாக இடம் என்றால் ஆறு லட்சம். ஐந்து வருடம். ஆறு லட்சம் என்ற பேச்சே இவர்களுக்குக் கிடையாது. புதன்கிழமைக்குள் தகப்பனாரின் தாள்களை ஏற்ற வேண்டும்.

"சேத்து விடுங்கண்ணே," என்றான் பாலகுரு.

"இம்புட்டுச் சொல்லிட்டு?"

"சர்வே நம்பரு பாத்த புள்ள. நா பாத்துருக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அறையில் ஆறு கட்டில், ஒரு குளிர்ப்பெட்டி, இரண்டு மின்விசிறி. வைரவன் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அறையிலேயே மூத்தவர், பைப் பிட்டர், சமையலும் அவர்தான். மீன் கழுவும் தண்ணீர் குழாயிலிருந்து வரும்போதே வெந்நீராக வந்தது.

கார்மேகம் போனைக் கட்டில் கம்பியில் சாய்த்து ஸ்பீக்கரில் போட்டார். மனைவி மீனாம்பாளின் குரல் முதலில் வந்தது.

"அஞ்சு வருசம்ங்க. அது முடிக்கயில ஒங்களுக்கு அம்பத்தொண்ணு. முட்டி வலிக்குதுன்னு போன வாரம் யாரு சொன்னா?"

"வண்டிதான ஓட்டுறேன். நடக்கவா செய்யுறேன்?"

"ஏறி எறங்கணும்ல. இங்க அரசுக் கலைக் கல்லூரியில கெமிஸ்ட்ரி கெடைக்கிதாம். பஸ்ஸுல போயிட்டு வந்துரும். இன்னும் ரெண்டு வருசத்துல நீங்க வந்து சேரலாம்."

வைரவன் கத்தியை நீட்டிக்கொண்டே சத்தம் போட்டார். "ஏம்மா மீனாம்பா, ஒரு வக்கீல எங்க ரூம்புல வச்சுத் தெனம் பாத்துக்கிட்டு இருக்கோம். வெங்காயங்கூட ஒழுங்கா உரிக்கத் தெரியல."

"அண்ணே, வெங்காயத்துக்கு வாய்தா வாங்கியிருக்கேன்," என்றான் பாலகுரு.

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. அது அகிலா.

"ஏத்தா, நீ என்ன சொல்ற?" என்றார் கார்மேகம்.

"அம்மா சொல்றதும் சரிதாம்ப்பா."

"ஒனக்கு என்ன வேணும்னு கேட்டேன்."

பின்னால் கோழி கத்தியது.

"லாவுதாம்ப்பா வேணும்."

"அப்ப முடிஞ்சு போச்சு. கலாஸ்," என்றார். மீனாம்பாள் முணுமுணுத்தது கேட்டது. அவளும் அதற்குமேல் மறுக்கவில்லை.

அகிலா திடீரென்று பேசினாள். "கடைசி ரெண்டு பரிச்சைக்கும் நீங்க வண்டியில கொண்டாந்து விட்டீகள்லப்பா. அந்த ரெண்டுலதான் மார்க்கு கூட."

கார்மேகம் போனைப் பார்த்துச் சிரித்தார். போன அக்டோபரில் கிடங்கில் வேலை இல்லை என்று கம்பெனி பாதிப் பேரைச் சம்பளமில்லா விடுப்பில் ஊருக்கு அனுப்பிவிட்டது. மார்ச் இருபதாம் தேதிக்குத் திரும்ப டிக்கெட் வந்தது. அகிலாவுக்கு இருபத்தைந்தில் கடைசிப் பரீட்சை. பரீட்சை மையம் பதினான்கு கிலோமீட்டர், பஸ்ஸை நம்ப முடியாது. "நீங்க இருந்தாப் பயம் இல்லப்பா" என்றாள். தண்டம் கட்டி டிக்கெட்டை இருபத்தேழுக்கு மாற்றிக்கொண்டார். விசா போய்விடாமல் நாளைக் கணக்குப் பண்ணித்தான் மாற்றினார். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா செத்துவிடும். அது இங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.

சாப்பிட்டுவிட்டு கார்மேகமும் பாலகுருவும் மெட்ரோவில் தேரா கடைவீதிக்குப் போனார்கள். மசாலாக் கடைத் தெருவுக்குப் பின்னால் படிவங்கள் நிரப்பித் தரும் கௌஸ் முகைதீனின் டைப்பிங் சென்டர். கீழக்கரைக்காரர். மேசையில் பேரீச்சம்பழக் கடைக் காலண்டரும் பால் கலக்காத சுலைமானித் தேநீரும்.

"வாங்க மாப்ள. வக்கீலும் வந்துருக்காரா? எம் பொழப்பக் கெடுக்கவா?"

"இல்ல பாய். ஒங்க எழுத்துப் பிழையப் பாத்துட்டுப் போக."

கௌஸ் சம்பளத் தாளையும் லேபர் கார்டையும் ஸ்கேன் செய்தார். பிறகு கல்லூரியின் உறுதிமொழிப் படிவத்தைத் திரையில் நிரப்பிக்கொண்டே வந்தார். பேர். பாஸ்போர்ட் எண். வேலை. ஓரிடத்தில் நின்றார்.

"போன நிதியாண்டுல இந்தியாவுக்கு வெளிய எத்தன நாள் இருந்தியன்னு கேக்குறான். நூத்தி எம்பத்திரெண்டுக்குக் கொறையக் கூடாதாம்."

"அது இருக்கும் பாய்," என்றார் கார்மேகம். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "விசா உசுரோடதான் இருக்கு. நூத்தி எழுபத்தெட்டாவது நாளு திரும்பி வந்துட்டேன்."

"அது இந்த ஊருச் சட்டம் மாப்ள. இவன் கேக்குறது அங்கத்தக் கணக்கு. பாஸ்போர்ட்டத் தாங்க."

அவர் முத்திரைகளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அக்டோபர் ஒன்று திருச்சி. மார்ச் இருபத்தேழு திருச்சி. நூற்று எழுபத்தெட்டு. பக்கத்தைத் திருப்பினார்.

"இது என்ன, மே மாசம் ஒண்ணு இருக்கு?"

"மாமனாரு காரியத்துக்குப் போனேன். எட்டு நாளு. எமர்ஜென்சி லீவு."

"அதுவும் அதே வருசந்தான்."

கௌஸ் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினார். கூட்டினார். முந்நூற்று அறுபத்தைந்தில் கழித்தார். பேனாவை வைத்துவிட்டார். பாலகுரு எட்டிப் பார்த்தான். நூற்று எழுபத்தொன்பது.

"மூணு நாளு கொறையுது," என்றான்.

கார்மேகம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருபதாந் தேதியே ஏறியிருந்தா?"

பாலகுரு விரல்விட்டுக் கூட்டினான். அவர் திரும்பவும் கேட்டார்.

"ஏறியிருந்தா நாலு நாள் மிச்சம் இருந்துருக்கும்ணே."

தெருவில் கைவண்டிக்காரன் வழி கேட்டுக் கத்தினான். கௌஸ் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினார். கார்மேகம் தாழ்ந்த குரலில், "பாய், எதுனாச்சும்..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம் மாப்ள. எல்லாம் மெசின்ல ஏறிக் கெடக்கு. நா ஒரு நம்பர மாத்தி அடிச்சா, நாளைக்கு அந்தப் புள்ள வக்கீலாவும்போது யாராச்சும் இதக் கையில எடுப்பான். பொய்த் தாள்ல ஏறி வந்த வக்கீலுன்னு பேராகும்."

பாலகுரு காலண்டர்த் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். முத்திரைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"அண்ணே, அக்டோபர் ஒண்ணாந்தேதி நீங்க எங்க இருந்தீக?"

"ஊருக்குப் போனேன்."

"காலையில?"

"காலையில ட்யூட்டி. பன்னெண்டு மணி வரைக்கும் வண்டி ஓட்டிட்டு, அங்கேருந்தே ஏர்போர்ட்டு."

"திருச்சியில எத்தன மணிக்கு எறங்குனீக?"

"பதினொண்ண தாண்டிருச்சு."

"மே மாசம்?"

"அதே பிளேன்தான்."

"திரும்பி வந்தது? ரெண்டு தடவையும்?"

"வெள்ளன கெளம்புறது. காலம்பற இங்க ஒம்போதுக்கு வந்துரும்."

பாலகுரு எழுந்து நின்றுவிட்டான். "நாலு நாளு பாய். போன நாளு ரெண்டு, வந்த நாளு ரெண்டு. நாலையும் இந்தியாக் கணக்குல வச்சுட்டோம். ஆனா இந்த நாலு நாள்லயும் முக்காவாசி நேரம் இவரு அங்க இல்ல. இங்க பஞ்ச் அடிச்சிருக்காரு. நாலையும் இந்தப் பக்கம் போட்டா நூத்தி எம்பத்து மூணு."

"ஒத்துக்குவானா?"

"கேப்போம். படிவத்துல எந்த நாள எங்க சேக்குறதுன்னு சொல்லல. சொல்லலைன்னா வாதாட எடம் இருக்கு."

மறுநாள் டைம் கீப்பரிடம் கெஞ்சி வருகைப் பதிவின் நகலை வாங்கினான். விமான டிக்கெட்டுகளைத் தேடி எடுத்தான். செவ்வாய்க்கிழமை பகல் இடைவேளையில் சோப்புப் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் கடிதம் எழுதினான். எழுதி முடித்ததும் நின்றுகொண்டு கார்மேகத்துக்குத் தமிழில் சொன்னான். பக்கத்தில் படுத்திருந்த பெங்காலிப் பையன்கள் எழுந்து பார்த்தார்கள்.

"ஒரு நாள ரெண்டா வெட்ட முடியாதுன்னா, அந்த நாள்ல ஆளு கூடுதல் நேரம் எந்த நாட்டுல இருந்தாரோ, அந்த நாளு அந்த நாட்டுக்குத்தான் சேரணும். இந்த எடம் யாருக்காக வச்சது? வெளிநாட்டுல ஒழைக்கிற தொழிலாளி புள்ளைக்காக. அந்த நாலு நாள்ல ரெண்டு நாளு இவரு கையில போர்க்லிப்ட் ஸ்டீரிங் இருந்துருக்கு. அதுக்குச் சாட்சி இந்தப் பதிவேடு. சந்தேகம்னு வந்தா, அந்தச் சந்தேகம் யாருக்காக விதி போட்டாகளோ அவுகளுக்குச் சாதகமாப் போகணும்."

கார்மேகம் எழுந்து உட்கார்ந்தார். பாலகுரு இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. முதுகு நேராக இருந்தது. கையில் இல்லாத ஒரு கேஸ் கட்டைப் பிடித்திருப்பது போல இடது கை மடிந்திருந்தது.

"ஏண்டா, இம்புட்டு இருக்கா ஒங்கிட்ட?"

"இருந்துச்சுண்ணே," என்றான். உட்கார்ந்துகொண்டான்.

கடிதம் அகிலாவின் மெயிலிலிருந்து தாள்களோடு போனது. அன்று மாலை வைரவன் கேசரி கிண்டினார். "செயிச்சாலும் தோத்தாலும் வக்கீலுக்குப் பீசு," என்று பாலகுருவின் தட்டில் இரண்டு கரண்டி வைத்தார். புதன்கிழமை எந்தப் பதிலும் இல்லை. கார்மேகம் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு பேலட்டை இடித்துவிட்டார். பதினாறு வருடத்தில் அது இரண்டாவது முறை.

வியாழக்கிழமை பகல் ஒரு மணி. வெளியே நாற்பத்தேழு டிகிரி, காற்றில் ஈரம். பாலகுரு போனோடு பேலட் நிழலுக்கு வந்தான்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சுண்ணே."

"சொல்லு."

"மூணே வரிதான். போன நாளு, வந்த நாளு ரெண்டையும் இந்தியாவுல இருந்ததாத்தான் எடுப்பாகளாம். தகுதி இல்ல. வேணும்னா நிர்வாக எடத்துக்கு விண்ணப்பிக்கலாம்."

"நீ எழுதுனதுக்கு என்ன சொன்னாக?"

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லல. படிச்ச மாரியே தெரியல."

"மேல கேக்க முடியாதா? கோர்ட்டுல?"

"கேக்கலாம். கேசு எடுக்குறதுக்குள்ள அந்தக் காலேஜுல அடுத்த அட்மிசன் வந்துரும். அப்ப இந்தப் பட்டியலு செல்லாது, திரும்பவும் மொதல்லேர்ந்து." அவன் தரையைப் பார்த்தான். "பங்கு கேசுதான் ஒங்களுக்குத் தெரியும்ல."

கார்மேகம் தூக்குவாளியை மூடினார். "மெயிலு ஒனக்கு மட்டும் வந்துச்சா?"

"அகிலாவுக்குத்தான் வந்துருக்கு. எனக்குக் காப்பி."

"எப்ப?"

"காலையில பத்துக்கு."

அவர் விரலை மடக்கினார். அப்போது அங்கே பதினொன்றரை. மூன்று மணி நேரமாக அவளுக்குத் தெரியும். அவரிடம் இதுவரை அழைப்பு வரவில்லை. முந்தாநாள் முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தவள். இருபதாம் தேதியும் இருபத்தேழாம் தேதியும் அவளுக்கும் தெரியும். கூட்டத் தெரிந்த பிள்ளை.

போனை எடுத்தார். எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார். அது தானாகவே அடித்தது.

"அப்பா."

"சொல்லுத்தா."

"சாப்டீகளா?"

"ஆச்சு. நீ?"

"ம். அப்பா, காலேஜுலேருந்து பதிலு வந்துருச்சு." குரல் சாதாரணமாக இருந்தது. பாடம் ஒப்பிப்பது போல. "அந்த மூணு சீட்டும் முடிஞ்சுபோச்சாம்ப்பா. நம்ம தாளு போறதுக்கு முன்னாடியே நெரம்பிருச்சாம். வேற ஒண்ணும் இல்லயாம்."

கார்மேகம் பாலகுருவைப் பார்த்தார். ஸ்பீக்கர் போடாமலே அவனுக்குக் கேட்டிருந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அப்பா? இருக்கீகளா?"

"இருக்கேன்த்தா. ஆமா, பாலகுருவும் இப்பத்தான் சொன்னான். சீட்டு முடிஞ்சுபோச்சாம்னு."

"மாமாவும் அப்படியா சொன்னாக?"

"ஆமா. அப்படித்தான் சொன்னான்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. ஊரில் எங்கோ அம்மி அரைக்கிற சத்தமும் கேட்டது.

"நாளைக்கு அம்மாவோட போயிக் கெமிஸ்ட்ரிக்குப் பேரு குடுக்குறேன்ப்பா. பஸ்ஸு எட்டேகாலுக்கு இருக்கு."

"நல்லதுதான்."

"நீங்க அடுத்து எப்பப்பா வருவீக?"

பேசத் தெரிந்த நாளிலிருந்து அவள் கேட்கும் கேள்வி. வழக்கமாக மாதம் சொல்லுவார். சில சமயம் தேதியே சொல்லுவார்.

"பாத்துட்டுச் சொல்றேன்த்தா."

"சரிப்பா."

போனை வைத்த பிறகும் அவர் அதைக் காதிலேயே வைத்திருந்தார். பாலகுரு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, நா வேணா அதுகிட்டப் பேசவா?"

"என்ன பேசுவ?"

அவன் டேலி அட்டையை எடுத்து, பேனா எழுதுகிறதா என்று ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தான்.

மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. ஆறாம் கதவின் ஷட்டர் மேலேறியதும் வெளிச்சம் உள்ளே கொட்டியது. கார்மேகம் கையுறையைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். இருக்கை சுட்டது. சாக்கை மடித்து விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். கன்டெய்னரின் கதவைத் திறந்தார்கள். முதல் பேலட்டை அவர் இறக்கி வைத்தார். பாலகுரு குனிந்து பெட்டிகளை எண்ண ஆரம்பித்தான். நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டது. அட்டையில் அடித்துவிட்டு, திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினான். கார்மேகம் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார்.